கோழி கிளறும், வாத்து சலிக்கும், காடை பதுங்கும்

கடலூர் பான்பரி மார்க்கெட்டிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ முட்டை வாங்கப் போனால் வெள்ளை, பழுப்பு, லேசான பச்சை, புள்ளி போட்ட குட்டி முட்டை என்று நாலைந்து விதம் கண்ணில் படும். எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டால், அன்றைக்கு எது அதிகம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் நல்லது என்பார். வீட்டுத் தோட்டத்தில் நாலு பறவை வளர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதே குழப்பம்தான். கோழி எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் கோழியை வைத்தே அளந்து பார்த்துவிடுகிறோம்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காடையைச் சின்னக் கோழி என்றும் வாத்தை நீந்தத் தெரிந்த கோழி என்றும் நினைத்தால் தீவனத்திலும் தப்பு வரும், கூண்டிலும் தப்பு வரும். கோழியின் முன்னோர் காட்டுத் தரையில் சருகைக் கிளறி இரை தேடியவை. வாத்தின் முன்னோர் தண்ணீரையும் சேற்றையும் அலகால் சலித்துத் தின்றவை. காடையின் முன்னோர் புல்லுக்குள் பதுங்கிப் பிழைத்தவை. இந்த மூன்று பிழைப்பையும் நினைவில் வைத்துக்கொண்டால் முட்டை ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது, ஏன் அந்த நேரத்தில் இடுகிறது, கறி ஏன் சிவக்கிறது, கூண்டு ஏன் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி தானாக விளங்கிவிடும்.

யார் யாருக்குச் சொந்தம்

கோழியும் காடையும் உறவுக்காரர்கள். இரண்டும் ஒரே பறவைக் குடும்பம். மயிலும் கௌதாரியும்கூட அதே குடும்பம்தான். வாத்து அந்தப் பக்கமே இல்லை. அது அன்னத்தின் வகையறா.

நாம் வளர்க்கும் கோழி, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி வழிவந்தது. நம் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழிக்கும் அதில் சின்னப் பங்கு உண்டு. கோழியின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் காலஸ் சொன்னெராட்டி. புதுச்சேரியில் பல காலம் வாழ்ந்த பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் நினைவாக வைத்த பெயர் அது. புல்வெளிகளில் மழைக்காலத்தில் குரல் கொடுக்கும் மழைக்காடையின் அறிவியல் பெயரிலோ நம் கோரமண்டலக் கரையே இருக்கிறது.

ஆனால் கடையில் உரித்துத் தொங்கவிட்டிருக்கும் காடை அந்த மழைக்காடை அல்ல. பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. 1974இல்தான் அது வளர்ப்புப் பறவையாக இந்தியாவுக்குள் வந்தது. பிறகு இங்கேயே பல ரகங்களைத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ‘நாமக்கல் காடை-1’ அதில் ஒன்று. மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் கண்ணி வைத்துக் காட்டுக்காடை பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘ஒரிஜினல் காட்டுக்காடை’ என்று யாராவது சாலையோரம் கூவி விற்றால் வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.

வாத்தில் பெரும்பாலானவை மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. முகத்தில் சிவப்பாகக் கரடு முரடான சதை இருக்குமே, அந்த மஸ்கோவி மட்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனம். குஞ்சு பொரிக்கும் கணக்கே அதற்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண், பெண் கண்டுபிடிப்பது மூன்றிலும் மூன்று விதம். கோழியில் கொண்டையும் வால் சிறகும் காட்டிக்கொடுக்கும். ஜப்பானியக் காடையில் மூன்று வாரத்துக்குப் பிறகு மார்பைப் பார்த்தால் போதும்: ஆணுக்குத் துருநிறத்தில் வெறுமனே இருக்கும், பெட்டைக்குக் கரும்புள்ளி விழுந்திருக்கும். வாத்தில் ஆணுக்கு வாலுக்கு மேல் இரண்டு மூன்று சிறகு சுருண்டு நிற்கும். குரலும் ஒரு அடையாளம். ஊரைக் கூட்டுகிற ‘க்வாக்’ சத்தம் பெட்டையுடையது. ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டிய மாதிரி ஒரு கரகரப்புதான் வரும். புதுச்சேரி டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது.

முட்டையிடும் நேரம்

இதை யாரும் அதிகம் சொல்வதில்லை; ஆனால் வளர்க்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் பாசன வயல்களில் வாத்துக் கூட்டங்களைப் பார்க்கலாம். பாகூர் பக்கமும் இருக்கும். நூற்றுக்கணக்கான வாத்துகள், பின்னால் நீளக் குச்சியோடு ஒருவர் அல்லது இருவர். சிந்திய நெல், நத்தை, பூச்சி, புழு எல்லாம் வாத்துக்குத் தீவனம். வயல்காரருக்கு எருவும் பூச்சி ஒழிப்பும் லாபம். வாத்துக்காரர்கள் இரவில் வரப்போரம் மேடான இடத்தில் வலையைச் சுற்றிக் கட்டிப் பட்டி அடைப்பார்கள். விடிந்தும் உடனே திறந்துவிட மாட்டார்கள். வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் விடியும் நேரத்திலும்தான் முட்டையிடும். ஏழு, எட்டு மணிவரை அடைத்து வைத்தால் முட்டை பட்டிக்குள்ளேயே கிடைக்கும். முன்னாலேயே திறந்துவிட்டால் போகிற வழியில், வாய்க்கால் ஓரத்தில், சில சமயம் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கூடு, குழி என்ற அக்கறையெல்லாம் பண்ணை வாத்துக்கு ரொம்பக் குறைவு.

கோழிக்கு அப்படி இல்லை. இருட்டான மூலை வேண்டும், கொஞ்சம் வைக்கோல் வேண்டும், இட்டு முடித்ததும் தெருவுக்கே கேட்கும்படி கொக்கரிக்க வேண்டும். ஒரு முட்டை கோழியின் வயிற்றுக்குள் உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணிநேரம் ஆகும். அதனால் இன்று காலை ஏழரைக்கு இட்ட கோழி நாளை எட்டரைக்கு இடும், மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி இடும். இப்படித் தள்ளிக்கொண்டே போய் மதியம் தாண்டியதும் ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி காலையிலிருந்து ஆரம்பிக்கும். ‘நேத்து போட்டுச்சு, இன்னைக்குப் போடல, ஏதோ நோய் போல’ என்று பயப்பட வேண்டாம். அதன் கணக்கு அப்படி.

காடை மாலையில் இடும். மூன்று மணிக்கு மேல் இருட்டும்வரை அதன் நேரம். முட்டையின் புள்ளியும் கறையும் ஓட்டின் மேல் படிவது கடைசி சில மணிநேரத்தில். ஒவ்வொரு பெட்டைக் காடைக்கும் ஏறக்குறைய ஒரு மாதிரி கோலம் உண்டு: ஒன்று பெரிய பெரிய கறையாகப் போடும், இன்னொன்று பொடிப்பொடிப் புள்ளியாகப் போடும். சில நாள் கவனித்தால் எந்த முட்டை எந்தக் காடையுடையது என்று சொல்லிவிடலாம். தரையில் புல்லுக்குள் முட்டையிடுகிற பறவைக்கு இந்தப் புள்ளிதான் பாதுகாப்பு. வெள்ளை முட்டையாக இருந்தால் காக்கையும் கீரியும் விட்டுவைக்காது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று வெளிச்சம். பகல் நீளமாக இருந்தால்தான் முட்டை வரும். கார்த்திகை, மார்கழியில் நாட்டுக்கோழி முட்டை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். பண்ணைகளில் பல்பு போட்டு ஒரு நாளைக்கு 16 மணிநேரம்வரை வெளிச்சம் கொடுப்பது இதற்காகத்தான்.

ஓட்டின் நிறத்தை நம்பலாமா?

“அண்ணே, இது நாட்டுக்கோழி முட்டைதானே?”

“சத்தியமா நாட்டுக்கோழிதான்க்கா. கலரைப் பாருங்களேன்!”

கலரைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கோழி முட்டையின் பழுப்பும், காடை முட்டையின் புள்ளியும் புரோட்டோபார்ஃபைரின் என்ற ஒரே நிறமியின் வேலை. வாத்து முட்டையில் சில சமயம் தெரியும் இளம் பச்சை, நீலச் சாயல் பிலிவெர்டின் என்ற வேறொரு நிறமி. இரண்டும் ஓட்டோடு சரி. உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது கோழியின் இனம். வெள்ளைக் காதுமடல் உள்ள லெகார்ன் வெள்ளை முட்டை இடும். சிவப்புக் காதுமடல் கோழிகள் பெரும்பாலும் பழுப்போ சந்தன நிறமோ இடும். விதிவிலக்கு உண்டு, ஆனால் நம் ஊரில் பார்க்கிற கோழிகளுக்கு இது சரியாகவே வரும்.

இதில் வியாபாரம் எங்கே நுழைகிறது என்றால், கூண்டிலேயே வளர்ந்து பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளும் இருக்கின்றன. அந்த முட்டை நல்ல முட்டைதான், ஆனால் நாட்டுக்கோழி முட்டை அல்ல. நாட்டுக்கோழி விலை கொடுக்க வேண்டியதில்லை. என் யோசனை: அட்டையிலுள்ள 30 முட்டையையும் ஒன்றாகப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு என்றால் அது பண்ணைச் சரக்கு. சிறுவிடை, பெருவிடை என்று கலந்து மேய்கிற வீட்டுக் கோழிகளின் முட்டை ஒன்று சந்தனமாக, ஒன்று வெளுப்பாக, ஒன்று நீளமாக, ஒன்று உருண்டையாக இருக்கும். பெரும்பாலும் சின்னதாகவும் இருக்கும். 40 கிராமைச் சுற்றி.

மஞ்சள் கருவின் நிறமும் இப்படித்தான். மக்காச்சோளம், கீரை, புல் தின்றால் ஆழ்ந்த மஞ்சள். கம்பும் அரிசிக் குருணையுமாகத் தின்றால் வெளிறிய மஞ்சள். துலுக்கச் சாமந்திப் பூவிதழைத் தீவனத்தில் கலந்தே ஆரஞ்சு நிறக் கரு வரவைக்கலாம். நிறம் அழகு, அவ்வளவுதான்.

பண்ணை முட்டையில் குஞ்சு இருக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முட்டைக் கோழிப் பண்ணையில் சேவலே கிடையாது. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அடை வைத்தால் பொரிக்காது. காடை முட்டையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். சில பண்ணைகளில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருக்கும், அந்த முட்டை கருவுற்றதாக இருக்கலாம்.

எடையும் சத்தும்

காடை முட்டை 10 முதல் 12 கிராம். பண்ணைக் கோழி முட்டை 50 முதல் 60 கிராம். வாத்து முட்டை 65 முதல் 80 கிராம். ஐந்து காடை முட்டை சேர்ந்தால் ஒரு கோழி முட்டை என்று சமையலில் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சத்தைச் சம எடைக்கு ஒப்பிட்டால்தான் நியாயம். 100 கிராமுக்கு மூன்றிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான்: 12.5 முதல் 13 கிராம். கொழுப்பில்தான் வித்தியாசம். கோழியில் சுமார் 9.5 கிராம், காடையில் 11, வாத்தில் கிட்டத்தட்ட 14. வாத்து முட்டையில் மஞ்சள் கருவின் பங்கு அதிகம் என்பதே காரணம். இரும்புச்சத்து கோழி முட்டையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு மற்ற இரண்டிலும் இருக்கிறது. பி12 வைட்டமினில் வாத்து முட்டை மற்றவற்றை எங்கேயோ விட்டுவிடுகிறது: 100 கிராமுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல், கோழியில் 1 மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவு.

கொலஸ்ட்ரால் பற்றிப் பயப்படுகிறவர்கள் முட்டை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 100 கிராம் கணக்கில் காடையும் வாத்தும் 850 மில்லிகிராமை ஒட்டி வருகின்றன. கோழி 370 அளவில். ஆனால் யாரும் காடை முட்டையை 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு காடை முட்டையில் 75 மில்லிகிராம், ஒரு கோழி முட்டையில் 185, ஒரு வாத்து முட்டையில் 600க்கு மேல் என்று தட்டில் உள்ளதைக் கணக்குப் பண்ணுங்கள். டாக்டர் முட்டையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வாத்து முட்டையைத்தான் முதலில் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்துமா போகும், சர்க்கரை இறங்கும் என்று காடை முட்டை வண்டிகளில் எழுதித் தொங்கவிட்டிருப்பதை நான் கண்டுகொள்வதில்லை. நல்ல உணவு, மருந்தல்ல. இதில் ஆபத்தான ஒரு நம்பிக்கையும் உண்டு: கோழி முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் காடை முட்டை கொடுக்கலாம் என்பது. கோழி முட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு மற்ற முட்டைகளும் ஒத்துக்கொள்ளாது, ஏனென்றால் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. டாக்டரைக் கேட்காமல் இதில் சோதனை வேண்டாம்.

அடை உட்காருவது

கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள், காடைக்கு 17 அல்லது 18 நாள். மஸ்கோவி மட்டும் 35 நாள் எடுக்கும். காடையின் இந்தச் சுருக்கமான கணக்காலும் சின்ன உடம்பாலும் விஞ்ஞானிகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். 1990இல் மீர் விண்வெளி நிலையத்திலேயே காடைக் குஞ்சு பொரித்தது.

எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அடை உட்காரும் குணம் கழன்றுபோய்விட்டது. ஜப்பானியக் காடை கூண்டில் அடை உட்காராது. வெள்ளை லெகார்ன் அநேகமாக உட்காராது. வருஷத்துக்கு 280, 300 முட்டை இடும் காக்கி கேம்பெல் வாத்தும் அதில் அக்கறை காட்டாது. நம் நாட்டுக்கோழிக்குத்தான் அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சோடு சில மாதம் திரியும். அதனால்தான் வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டையோடு நிற்கிறது. குறை என்று சிலர் சொல்வார்கள். இன்குபேட்டர், கரண்ட் எதுவும் இல்லாமல் குஞ்சு எடுத்துத் தரும் பறவை அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைப்பது கிராமத்து வழக்கம். இதில் இரண்டு விஷயம் முக்கியம். கோழி மூன்று வாரத்தில் எழுந்துவிடக்கூடும். நாலாவது வாரமும் உட்காரும் பொறுமைசாலிக் கோழியாகப் பார்த்து வைக்க வேண்டும். இரண்டாவது, ஈரம். தாய் வாத்து தண்ணீரில் இறங்கி நனைந்த சிறகோடு வந்து உட்காரும். கோழி அப்படிச் செய்யாது. அதனால் கடைசி இரண்டு வாரம் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிப்பார்கள். இல்லாவிட்டால் உள்சவ்வு காய்ந்து இறுகி, குஞ்சு உடைத்துக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே செத்துப்போகும்.

ஏழெட்டு நாளில் இருட்டறையில் டார்ச் லைட்டை முட்டையின் மழுங்கிய பக்கம் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு பரவியிருந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். கூமுட்டையாகிக் கூட்டுக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெட்டுப்போகும். காடை முட்டையில் புள்ளி மறைப்பதால் இந்தச் சோதனை அவ்வளவு சுலபமில்லை.

வளர்க்கப் போகிறவர்களுக்கு

காடையின் அவசரம் ஆச்சரியமானது. ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிட ஆரம்பித்துவிடும். பண்ணைக் கோழிக்கு 18 முதல் 20 வாரம், நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம் ஆகலாம். 150 கிராம் எடையுள்ள காடை 11 கிராம் முட்டை போடுகிறது என்றால் தன் எடையில் 7 சதவீதம். ஒன்றரைக் கிலோ கோழி போடும் 55 கிராம் முட்டை 4 சதவீதத்தைத் தொடாது. அந்த வேலைக்கு ஏற்ற தீனி கேட்கும்: புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் வேண்டும். கோழித் தீவனத்தையே போட்டுக் காடை வளர்த்துவிட்டு முட்டை ஓடு தோல் மாதிரி வருகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

காடைக் குஞ்சு பொரிந்ததும் எடை 7, 8 கிராம்தான். தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். அதனால் தட்டில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ நிரப்பி, இடுக்கில் நிற்கும் தண்ணீரை மட்டும் குடிக்கும்படி வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் குளிர் படக்கூடாது; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காடைக் குஞ்சு வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். நம் கரையோரத்தில் புயல் வந்து இரண்டு நாள் கரண்ட் போனால் குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்க வழியில்லை.

வளர்ந்த காடை பயந்தால் ஓடாது; நேராக மேலே எழும்பும். புல்லுக்குள் பதுங்கியிருந்து கடைசி நொடியில் எழும்பித் தப்பிப்பது அதன் இயல்பு. கூண்டில் அந்தக் குணம் தலையை மோதிச் சாகவைக்கும். ஒன்று, கூண்டு எழும்ப இடமில்லாதபடி தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வலையோ துணியோ கட்ட வேண்டும். ஒரு சதுர அடிக்கு ஐந்து காடை தாங்கும் என்பதால் மாடி வீட்டுக்காரருக்குக்கூட இது கைகூடும்.

வாத்துக்குக் குளம் கட்டாயமில்லை. ஆனால் தலை முழுக முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். கண்ணையும் மூக்கையும் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அலகின் ஓரத்தில் நுண்ணிய பல்வரிசை இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சி அதன் வழியாக வெளியே தள்ளி, இரையை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். அதனால் வாத்து சாப்பிடும் இடமெல்லாம் சேறாகும். கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டகையில் அடைத்தால் கோழிக்குத்தான் கஷ்டம்: நனைந்த தரையில் ரத்தக் கழிச்சல் பரவும். பறவைக் காய்ச்சல் கிருமியை வெளியே ஒன்றும் தெரியாமலேயே வாத்து சுமந்து திரியக்கூடும் என்பது இன்னொரு காரணம். காடையையும் கோழியோடு சேர்க்காதீர்கள்.

நோயில் கோழிதான் பலவீனம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் தெருவில் உள்ள எல்லாக் கோழியும் போய்விடும். முதல் வாரத்திலேயே லசோட்டா சொட்டு மருந்து, பிறகு எட்டு வாரத்தில் ஊசி என்று கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கை விடக்கூடாது. வாத்தும் காடையும் அந்த நோயை ஓரளவு தாங்கும். வாத்துக்கு வாத்துப் பிளேக் என்ற தனி நோய் உண்டு, அதற்குத் தடுப்பூசியும் உண்டு.

வாத்துக்கு எமன் வேறு இடத்தில் இருக்கிறது, அது நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: பூசணம் பிடித்த மல்லாட்டைப் புண்ணாக்கு. ஈரம் பட்ட மல்லாட்டையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒரு பூஞ்சை, அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தபோது அது என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்குதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வாத்துக் குஞ்சு இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் என்பதால், நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க அதையே ஆரம்பத்தில் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் புண்ணாக்கு சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக மழையில் நனைந்த மூட்டையை ‘வாத்துதானே, எதையும் தின்னும்’ என்று போட்டுவிடாதீர்கள். மாட்டுக்கு ஆகாததை வாத்துக்குப் போடுவது பல இடத்தில் நடக்கிறது, கொட்டகையே காலியாகிவிடும்.

வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமினும் கோழிக் குஞ்சைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தேவை. கோழிக் குஞ்சுத் தீவனம் மட்டுமே கொடுத்து வளர்த்தால் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். ஈஸ்ட் கொஞ்சம் கலந்து கொடுத்தால் சரியாகும்.

புதிதாகத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் நாலு நாட்டுக்கோழியில் ஆரம்பிக்கச் சொல்வேன். இடம் குறைவு, தினமும் இரண்டு வேளை பார்த்துக்கொள்ள முடியும் என்றால் காடை. வாய்க்காலோ வயலோ பக்கத்தில் இருந்தால் மட்டும் வாத்து. குஞ்சு வாங்கவும் பயிற்சிக்கும் புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அடுப்படியில்

கறியின் நிறத்துக்கும் பிழைப்புதான் காரணம். கோழி எப்போதாவது ஒரு தடவை மரத்துக்குத் தாவும், அவ்வளவுதான், நெஞ்சுக்கறி வெளுப்பு. காட்டு வாத்தும் காடை இனங்களும் வெகுதூரம் வலசை பறப்பவை. ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் சிவப்புப் புரதம் அதிகம் வேண்டும். அதனால் அவற்றின் நெஞ்சுக்கறியும் கருஞ்சிவப்பு. பண்ணையில் பறக்காவிட்டாலும் அந்த உடம்பு மாறவில்லை. வாத்துத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு தண்ணீர்க் குளிருக்காக. அதை முதலில் சிறு தீயில் உருகவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கினால் எண்ணெயே ஊற்ற வேண்டாம்.

வாத்து முட்டையில் கவிச்சி வாடை அடிக்கிறது என்பவர்கள் அது எங்கே மேய்ந்தது என்று யோசிக்க வேண்டும். நத்தையும் மீன் குஞ்சும் தின்ற வாத்தின் முட்டையில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மிளகு தூக்கலாகப் போட்ட ஆம்லெட்டில் தெரியாது. சேற்றில் கிடந்து எடுத்த முட்டை என்பதால் அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள். சால்மோனெல்லா பயம் உண்டு. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் 12 நிமிடமாவது வேகட்டும். வெந்ததும் வெள்ளைக் கரு கோழி முட்டையைவிடக் கெட்டியாக, லேசான நீலம் கலந்து கண்ணாடித்தன்மையோடு இருக்கும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் இயல்பே அது.

பழசா புதுசா என்று பார்க்க மூன்றுக்கும் ஒரே வழி. தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு. ஒரு முனை தூக்கி நின்றால் சில வாரம் ஆனது, சீக்கிரம் சமைத்துவிடலாம். மிதந்தால் வேண்டாம். ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதால் இப்படி ஆகிறது.

காடை முட்டை கொதிக்கும் தண்ணீரில் மூன்று நாலு நிமிடத்தில் வெந்துவிடும். ஓடு மெல்லியது, ஆனால் உள்சவ்வு கெட்டி. பச்சை முட்டையைக் கிண்ண விளிம்பில் தட்டினால் ஓடு நொறுங்குமே தவிர உடையாது. கத்தி நுனியால் மழுங்கிய பக்கத்தைச் சீவிவிட்டு ஊற்ற வேண்டும். வேகவைத்ததை உரிக்க, பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, மேசையில் உள்ளங்கையால் லேசாக உருட்டி, மழுங்கிய பக்கத்திலிருந்து சவ்வோடு சேர்த்து இழுத்தால் ஓடு ரிப்பனாகக் கழன்று வரும். அன்றன்றைக்கு இட்ட முட்டையில் இது நடக்காது. சவ்வு வெள்ளைக் கருவோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். நாலைந்து நாள் ஆன முட்டையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.